‘இயற்கை’க்கு யார் சாட்சி?

பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டுக்கு மளிகை வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரி வகுப்பறையில் விலைக் கோட்பாட்டைக் கற்பித்தவன் நான். ஆயினும், ஒரு கிலோ துவரம் பருப்பு என்ன விலைக்கு விற்கிறது என்பது அதுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. என் மனைவி இதனை இன்றும் உறவினர்களிடம் சொல்லிச் சிரிப்பதுண்டு.

கடந்த மூன்று ஆண்டுகளாக, திருச்சியில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஓர் இயற்கை அங்காடியில்தான் அரிசி, எண்ணெய், நாட்டுச் சர்க்கரை முதலியவற்றை வாங்கி வருகிறேன். சுவரில் நம்மாழ்வாரின் படம், பனையோலைப் பெட்டிகள், துணிப்பை கொண்டு வராதவர்களை மென்மையாகக் கடிந்துகொள்ளும் ஓர் அறிவிப்பு என அக்கடையில் நுழைந்தாலே ஒரு நல்ல காரியம் செய்த நிறைவு ஏற்படும். சாதாரணப் பொன்னி அரிசி கிலோ அறுபது ரூபாய்க்குக் கிடைக்கும்போது, அங்கே தூயமல்லி நூற்று இருபது ரூபாய். கூடுதலாகச் செலுத்தும் அறுபது ரூபாய் எங்கோ ஓர் உழவரின் கைக்குப் போய்ச் சேர்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

கடந்த பொங்கலையொட்டி என் முன்னாள் மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். பொருளியலில் பட்டம் பெற்று, சில காலம் சென்னையில் பணியாற்றி, பின்னர் இலால்குடி பகுதியில் உள்ள தம் தந்தையின் நான்கு ஏக்கர் நிலத்துக்கே திரும்பியவர். ஐந்து ஆண்டுகளாக இரசாயன உரமோ பூச்சிக்கொல்லியோ இன்றிப் பயிர் செய்கிறார். மதிய உணவின்போது, ‘நீ சாப்பிடுவது தூயமல்லி, இயற்கை முறையில் விளைந்தது’ என்று சற்றுப் பெருமையுடன் சொன்னேன். அவர் ஒரு பருக்கையை விரல்களுக்கிடையே நசுக்கிப் பார்த்தார். தயக்கத்துடன், ‘சார், இது தூயமல்லி மாதிரித் தெரியவில்லை’ என்றார். சமையலறையிலிருந்து அரிசியை எடுத்து வரச் சொல்லி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்துவிட்டு, ‘நன்றாகத் தீட்டிய ஏதோ ஒரு சன்ன ரகம். இயற்கையில் விளைந்ததா என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது. யாருக்குமே தெரியாது’ என்றார்.

மறுநாள் கடையில் விசாரித்தேன். கல்லாவில் இருந்த இளைஞர் கோபப்படவில்லை. ‘எங்களுக்கு ஒருவர் அனுப்புகிறார் சார். எல்லாம் ஒரு நம்பிக்கைதான்’ என்றார். அவர் பொய் சொன்னதாக நான் கருதவில்லை. அவரும் என்னைப் போலவே நம்பி வாங்கியவராக இருக்கக்கூடும். மாணவர் தவறாகக் கணித்திருக்கவும் இடமுண்டு. மூன்று ஆண்டுகள் உண்ட பிறகும், எதை உண்டேன் என்பதை என்னால் உறுதிசெய்ய இயலவில்லை என்பது மட்டுமே உறுதி.

பொருளியலில் இதற்கொரு பெயர் உண்டு. சில பொருள்களின் தரத்தை வாங்குவதற்கு முன்பே பார்த்து அறியலாம். சட்டைத் துணி அப்படிப்பட்டது. சிலவற்றை வாங்கி நுகர்ந்த பிறகே அறியலாம், மாம்பழம் அப்படிப்பட்டது. வாங்கி, உண்டு, செரித்த பிறகும் தரத்தை அறிய முடியாத மூன்றாவது வகை ஒன்றுண்டு என்று 1973-இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரு பொருளியலாளர்கள் எழுதினர். அதனை ‘நம்பிக்கைப் பண்டம்’ எனலாம். கடை இளைஞர் டார்பியைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் மிகச் சரியான சொல்லையே பயன்படுத்தினார்.

அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1970-இல், ஜார்ஜ் ஆகர்லாஃப் பழைய கார்களின் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குத் தரம் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் நல்ல வண்டிக்கும் மோசமான வண்டிக்கும் இடைப்பட்ட ஒரு விலையையே தரத் துணிவார். அந்த விலைக்கு நல்ல வண்டியை விற்பது நட்டம் என்பதால் நல்ல வண்டி வைத்திருப்பவர் சந்தையைவிட்டு விலகுவார். எஞ்சுவது மோசமானவை. 2001-இல் அவருக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்த ஆய்வுகளில் இதுவே முதன்மையானது. இதனை எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்து விளக்கியிருக்கிறேன். அந்த விலகும் விற்பனையாளர் என் வீட்டு உணவு மேசையில் வந்து அமர்வார் என்று எண்ணியதில்லை.

மாணவரின் கணக்கு இதுதான். இரசாயனத்தை நிறுத்திய முதல் இரு ஆண்டுகளில் விளைச்சல் கடுமையாகச் சரிந்தது. பிறகு ஓரளவு மீண்டது. ஆனால் பக்கத்து வயலின் அளவுக்கு இன்னும் வரவில்லை. இயற்கை வேளாண் ஆர்வலர்கள் சிலர் விளைச்சல் குறையவே குறையாது என்று மேடைகளில் பேசுகிறார்கள். பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2012-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வு, பயிரையும் சூழலையும் பொறுத்து 5 முதல் 34 விழுக்காடு வரை விளைச்சல் குறைவதாகக் கண்டது. களைக்கொல்லி இல்லாததால் களையெடுப்புக்கு ஆள் கூலி கூடுகிறது. அதுவும் ஆள் கிடைத்தால்தான். ஆகவே நியாயமான கூடுதல் விலை இல்லாமல் இப்பயிர் கட்டுப்படியாகாது.

அந்தக் கூடுதல் விலை அவருக்குக் கிடைக்கிறதா? தெரிந்த குடும்பங்களுக்கு நேரடியாக விற்கும் அரிசிக்குக் கிடைக்கிறது. அது விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதியை வாங்க வரும் வணிகர், ‘சான்று இருக்கிறதா?’ என்று கேட்டு, இல்லையென்றதும் சாதாரண நெல்லின் விலையையே தருகிறார். அதே வணிகரிடமிருந்து நகரத்துக் கடைக்குப் போகும்போது அந்த நெல் மீண்டும் ‘இயற்கை’ ஆகிவிடுகிறது என்று அவர் சிரித்தபடி சொன்னார். சென்ற ஆண்டு எஞ்சியதை நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்டிருக்கிறார். அங்கே மருந்தடித்த நெல்லும் அடிக்காத நெல்லும் ஒரே குவியல்.

‘நீ ஏன் சான்று பெறவில்லை?’ என்று நானும் கேட்டேன். படித்தவர், கணினி தெரிந்தவர், விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர். அவராலேயே இயலவில்லை என்றால் மற்றவர்களின் நிலை என்ன என்ற எண்ணம் எனக்கு.

நம் நாட்டில் அங்ககச் சான்றுக்கு இரண்டு வழிகள் உள்ளன. இரண்டும் வெவ்வேறு அமைச்சகங்களின் கீழ். முதலாவது, 2001-இல் தொடங்கப்பட்ட தேசிய அங்கக உற்பத்தித் திட்டம். வணிக அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ‘அபீடா’ இதனை நிர்வகிக்கிறது. ஏற்றுமதிக்காகவே உருவானது என்பதால் இதன் ஒவ்வொரு விதியும் அயல்நாட்டு இறக்குமதியாளரை நினைவில் வைத்து எழுதப்பட்டது. பருவப் பயிருக்கு இரண்டு ஆண்டுகள், பல்லாண்டுப் பயிருக்கு மூன்று ஆண்டுகள் மாற்றக் காலம். இடுபொருள் முதல் விற்பனை வரை பதிவேடு. மூன்றாம் தரப்பு ஆய்வு. நம் மாநிலத்தில் இதற்கென அங்ககச் சான்றளிப்புத் துறையே இருக்கிறது.

இரண்டாவது, வேளாண் அமைச்சகத்தின் பங்கேற்பு உத்தரவாத முறை. குறைந்தது ஐந்து உழவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் ஆய்வு செய்து உறுதியளிப்பது. செலவு மிகக் குறைவு. அண்டை வயலில் நடப்பது அண்டை உழவருக்குத் தெரியாமல் போகாது என்ற அடிப்படையும் நல்லதே. ஆனால் மாணவரின் ஊரில் ஐந்து பேர் இல்லை. அவரோடு சேர்த்து இருவர்தாம்.

முதல் வழியில் இன்னொரு தடை. காவிரிப் படுகையில் வயலுக்கு வயல் பாசனம் நடைபெறும் இடங்கள் பல. மேல் வயலில் போட்ட யூரியாவும் அடித்த மருந்தும் மடை வழியாகக் கீழ் வயலுக்கு வந்துவிடும. விதிப்படி இடைத்தாங்கு நிலப்பகுதி விட வேண்டும். நான்கு ஏக்கரில் அதற்கு எவ்வளவு ஒதுக்குவது? மருந்தடிக்கும் பக்கத்து நிலத்துக்காரர் எந்தப் பதிவேடும் எழுத வேண்டியதில்லை. எந்த ஆய்வாளரையும் எதிர்கொள்ள வேண்டியதில்லை. தம் மருந்து மடையேறிப் போகாமல் தடுக்கும் கடமையும் அவருக்கு இல்லை. வேலி போடும் செலவு முழுவதும் மருந்தடிக்காதவருடையது. மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையைச் சுற்றுச்சூழல் பொருளியலில் முதல் பாடமாக நடத்துகிறோம். வயல்வெளியில் அது தலைகீழாக நிற்கிறது.

இவ்வளவு கடுமையான ஏற்றுமதிச் சான்றேனும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதா? அதுவும் இல்லை. 2021 சனவரியில் அமெரிக்க வேளாண் துறை, அபீடாவின் ஏற்பிசைவை நம்பிச் சான்றுகளை ஏற்றுக்கொள்ளும் உடன்பாட்டை முடித்துக்கொண்டது. எள் உள்ளிட்ட பொருள்களில் எத்திலீன் ஆக்சைடு எச்சம் காணப்பட்டதன் தொடர்ச்சியாக, அதே ஆண்டின் இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியாவில் இயங்கிய ஐந்து சான்றளிப்பு நிறுவனங்களை ஏற்புப் பட்டியலிலிருந்து நீக்கியது. சான்று தருபவரைச் சான்று பெறுபவரே தேர்ந்தெடுத்துக் கட்டணமும் செலுத்தும் அமைப்பில் இத்தகைய தளர்வு ஏற்படுவது வியப்பன்று. 2008 நிதி நெருக்கடிக்கு முன்பு கடன் தர மதிப்பீட்டு நிறுவனங்களிடம் உலகம் கண்டதும் இதே நோய்தான்.

2025 சனவரியில் இத்திட்டத்தின் எட்டாவது பதிப்பு வெளியிடப்பட்டது. உழவர் குழுக்கள் சட்டப்படியான அமைப்பாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும், பொருள் கடந்துவந்த வழியைக் கண்டறியும் மேம்பட்ட இணைய அமைப்பும் அதில் உள்ளன. வரவேற்கத்தக்கவை. 2023-24-இல் நம் அங்கக ஏற்றுமதி ஏறத்தாழ 49.5 கோடி டாலர். அதைக் காக்க அரசு அக்கறை காட்டுவது இயல்பே. உலகிலேயே மிக அதிகமான அங்கக உழவர்கள் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். எனினும், பெர்லினில் எள் வாங்கும் பெண்மணிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு உறையூரில் எள் வாங்கும் பெண்மணிக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வி எட்டாவது பதிப்புக்குப் பிறகும் நிற்கிறது.

உள்நாட்டு நுகர்வோருக்கென 2017-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் அங்கக உணவு ஒழுங்குமுறைகளை அறிவித்தது. இதன்படி, மேற்சொன்ன இரு சான்றுகளில் ஒன்று இல்லாமல் எந்தப் பொருளையும் அங்கக உணவு என்று விற்கக் கூடாது. ‘ஜைவிக் பாரத்’ என்ற பச்சை இலச்சினையும் வந்தது. நேரடியாக நுகர்வோருக்கு விற்கும் சிறு உற்பத்தியாளர்களுக்கு விலக்கு உண்டு; அது நியாயமே. ஆனால், இடையிலுள்ள கடைக்காரருக்கு அந்த விலக்கு இல்லை. உங்கள் ஊர் அங்காடியில் சாக்கில் குவித்துவைத்து ‘ஆர்கானிக்’ என்று அட்டை செருகியிருக்கும் அரிசிக்கு இலச்சினை உண்டா என்று அடுத்த முறை பாருங்கள்.

சந்தை சட்டத்தைவிட வேகமானது. ‘ஆர்கானிக்’ என்ற சொல்லுக்குச் சான்று வேண்டும் என்றவுடன் ‘நாட்டு’, ‘மரபு’, ‘கிராமத்து’, ‘பாட்டி கைப்பக்குவம்’ என்ற சொற்கள் பெயர்ப்பலகைகளில் பெருகின. ‘இயற்கையான’, ‘தூய’, ‘பாரம்பரிய’ போன்ற சொற்களை எப்போது பயன்படுத்தலாம் என்று 2018-ஆம் ஆண்டின் விளம்பர ஒழுங்குமுறைகள் வரையறுத்துள்ளன என்பது உண்மை. நிறுவனங்களின் பொட்டலங்களில் அதற்கு ஓரளவு பயன் உண்டு. கடைப் பலகைக்கும் வாட்ஸ்ஆப் விளம்பரத்துக்கும் யார் போய் அந்த வரையறையைப் படித்துக் காட்டுவது?

பொட்டலங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘சேர்க்கைப் பொருள் எதுவும் இல்லை’ என்ற வாசகம் இன்று ‘இயற்கை’ என்ற சொல்லின் இரட்டைப் பிள்ளையாகிவிட்டது. என் பேத்திக்காகக் கேழ்வரகு பிஸ்கட் ஒன்றை வாங்கினேன். முகப்பில் கேழ்வரகுக் கதிரின் படம். பின்புறம் பொடி எழுத்தில் இருந்த பட்டியலைப் படிக்க உருப்பெருக்கிக் கண்ணாடி தேவைப்பட்டது. மூலப்பொருள்களை எடை மிகுதியின் வரிசையில் எழுத வேண்டும் என்பது சட்டம். முதலிடத்தில் மைதா, அடுத்து சர்க்கரை, பிறகு பாமாயில். கேழ்வரகு அதற்கும் பின்னால் கூச்சத்துடன் நின்றுகொண்டிருந்தது. ‘பதப்படுத்தி இல்லை’ என்ற முகப்பு வாசகத்தில் பொய் இல்லை; அவ்வளவு சர்க்கரையும் அவ்வளவு குறைந்த ஈரப்பதமும் இருக்கும்போது தனியே பதப்படுத்தி எதற்கு?

மறுபுறம், பட்டியலில் ஓர் எண்ணைக் கண்டாலே நஞ்சு என்று அஞ்சும் போக்கும் வளர்ந்து வருகிறது. 330 என்பது எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம். 300 என்பது வைட்டமின் சி. 500 என்பது நம் வீட்டு ஆப்பச்சோடா இடம்பெறும் எண். இவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் 102, 110, 122, 124 ஆகிய செயற்கை நிறங்கள் வேறு கதை. சில செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் குழந்தைகளின் மிகைச் செயல்பாட்டோடு தொடர்புடையது என்று 2007-இல் இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் ஆய்வு கூறியது. அதன் பிறகு, 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்நிறங்கள் சேர்ந்த உணவில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது. இங்கே அவை வரம்புக்குட்பட்டு, எச்சரிக்கையின்றி அனுமதிக்கப்படுகின்றன. உடலுக்கு நாள்தோறும் பெருங்கேடு விளைவிக்கும் சர்க்கரைக்கும் உப்புக்கும் அத்தகைய எண்ணே கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும். எண்ணைத் தேடி அஞ்சுபவரின் கண்ணில் அவை படுவதே இல்லை. பொட்டலத்தின் முன்பக்கத்திலேயே எச்சரிக்கை இடம்பெற வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாகக் குழுக்களுக்கும் கருத்துக் கேட்புகளுக்கும் இடையே அலைகிறது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே தலையிட்டு மூன்று மாதக் கெடு விதிக்க வேண்டியிருந்தது.

அரசு செயல்படவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2024 பிப்ரவரியில், ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருப்பதை ஆய்வகத்தில் உறுதிசெய்து தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது. தள்ளுவண்டிக்காரர் மீது சட்டம் விரைவாகப் பாய்கிறது. அதில் தவறில்லை, அந்தச் சாயம் துணிக்கானது. அதே விரைவு மற்ற இடங்களிலும் வேண்டும் என்பதே என் ஆதங்கம். 2020 டிசம்பரில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 நிறுவனங்களின் தேனைச் சோதித்தபோது, எல்லாச் சோதனைகளிலும் தேறியவை மூன்று மட்டுமே. வழக்கமான சோதனைகளை ஏமாற்றுவதற்கென்றே உருவாக்கப்பட்ட சர்க்கரைப் பாகு சந்தையில் கிடைப்பதையும் அம்மையம் வெளிப்படுத்தியது.

சாதாரண நுகர்வோர் கையில் ஆய்வகம் இல்லை, கணக்கு உண்டு. மரச்செக்கில் ஒரு லிட்டர் கடலெண்ணெய் எடுக்க ஏறத்தாழ இரண்டேகால் முதல் இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். நான் விசாரித்த நாளில் பருப்பு கிலோ 130 ரூபாய். பருப்புக்கு மட்டும் 300 ரூபாயைத் தொட்டுவிடுகிறது. பிண்ணாக்கு விற்று வரும் தொகையைக் கழித்து, ஆட்டுக்கூலி, பாட்டில், கடைக்காரரின் இலாபம் ஆகியவற்றைச் சேர்த்தால் 300 ரூபாய்க்குக் கீழே வருவது கடினம். அன்று ஒரு கடையில் ‘சுத்தமான மரச்செக்கு எண்ணெய்’ 190 ரூபாய்க்கு இருந்தது. அந்த விலையே அதன் வாக்குமூலம். இப்போது நான் பருப்பை வாங்கிக்கொண்டு செக்குக்கே போய் எதிரில் நின்று ஆட்டி வாங்குகிறேன். ஓய்வூதியரான எனக்கு அரை நாள் பொழுது இருக்கிறது. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இருக்குமா? மேலும், இந்தக் கணக்கு மலிவான பொய்யை மட்டுமே காட்டிக்கொடுக்கும். 120 ரூபாய் அரிசியின் பொய்யை அது காட்டாது.

இவ்வளவு சிரமப்பட்டு வாங்குவதால் கிடைக்கும் நன்மை என்ன? 2012-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருநூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். அங்கக உணவில் சத்து கூடுதல் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்றும், பூச்சிக்கொல்லி எச்சம் காணப்படும் வாய்ப்பு குறைவு என்றும் கண்டனர். ஆக, உண்பவருக்கு நன்மை உண்டு. கடைகள் சொல்லும் அளவுக்கு இல்லை. பெரிய நன்மை வேறிடத்தில் இருக்கிறது. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த உழவர்களும் தொழிலாளர்களும் நச்சேறி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மருந்து முதலில் தீண்டுவது தெளிப்பவரின் நுரையீரலை. அடுத்து மண்ணையும் வாய்க்காலையும். கடைசியாகத்தான், மிச்சம் மீதியாக, நம் தட்டை. நாமோ நம் தட்டைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டு அதற்குரிய விலையைத் தருகிறோம்.

மருந்தடிக்காத வயலால் ஊர் முழுவதும் பயன்பெறும் என்றால், அதன் செலவை அரிசி வாங்கும் சில நூறு குடும்பங்கள் மட்டுமே ஏற்பது எப்படி முறையாகும்? அவர்களாலும் எவ்வளவுதான் முடியும்? 2023-24-ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, இந்திய ஊரகத்தில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 4,122 ரூபாய். நகரத்தில் 6,996 ரூபாய். ஊரகத்தில் இதில் உணவுக்குப் போவது 47 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 1,940 ரூபாய். மாதம் ஆறு கிலோ அரிசி உண்பவர் கிலோவுக்கு அறுபது ரூபாய் கூடுதலாகத் தருவதானால் 360 ரூபாய் ஆகும். அவருடைய மொத்த உணவுச் செலவில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கை அரிசியின் சான்றில்லாத பெருமைக்கே கொடுக்க வேண்டும். அதே ஆய்வில் இன்னொரு செய்தி உள்ளது. ஊரகம், நகரம் இரண்டிலும் உணவுச் செலவினங்களுள் முதலிடம் பிடிப்பது தானியமோ பாலோ காய்கறியோ அல்ல. பானங்களும் பதப்படுத்தப்பட்ட உணவுகளுமே. வசதியுள்ளவர் இயற்கை அங்காடிக்குப் போகிறார். வசதியற்றவரின் பிள்ளை ஐந்து ரூபாய்ப் பொட்டலத்துக்குப் போகிறது. இருவருமே எதை வாங்குகிறோம் என்று தெரியாமல்தான் வாங்குகிறார்கள்.

நடுவண் அரசு 2024 நவம்பரில் 2,481 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஒரு கோடி உழவர்கள், 15,000 தொகுப்புகள் என்பது இலக்கு. தமிழ்நாடு அரசு 2023 மார்ச்சில் அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. மரபு நெல் வகைகளைக் காக்க நெல் ஜெயராமன் பெயரில் ஓர் இயக்கமும் இருக்கிறது. இவற்றின் அழுத்தமெல்லாம் விதைப்பதன் மீதே இருக்கிறது. விளைந்தது, வாங்குபவரிடம் தன் அடையாளத்தோடு போய்ச் சேர்வதைப் பற்றிய சிந்தனை மிகக் குறைவு. ஒரு கோடிப் பேரை இயற்கை வேளாண்மைக்கு அழைத்து வந்து, அவர்கள் நெல்லையும் அதே குவியலில் கொட்டினால் எத்தனை பருவம் தாங்குவார்கள்?

நம்மிடம் ஏற்கெனவே ஓர் அமைப்பு உண்டு. 1999 நவம்பரில் மதுரையில் முதன்முதலாகத் தொடங்கப்பட்ட உழவர் சந்தைகள் இன்று மாநிலம் முழுவதும் நூற்றுக்கும் மேல் இயங்குகின்றன. அங்கே விற்பவர் உழவர்தானா என்று அடையாள அட்டை பார்க்கும் வழக்கம் முதல் நாளிலிருந்தே உள்ளது. அவ்வடையாளத்தோடு எச்சச் சோதனையையும் இணைக்கலாம். ஒவ்வொரு சந்தையிலும் வாரம் ஒருமுறை, முன்னறிவிப்பின்றிச் சில மாதிரிகளை எடுத்து, அரசுச் செலவில் சோதித்து, முடிவை விலைப்பலகையின் அருகிலேயே எழுதிவைக்க வேண்டும். ஒரு மாதிரிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். எல்லா மூட்டையையும் சோதிக்க வேண்டியதில்லை. பிடிபடுவோம் என்ற சாத்தியம் இருந்தாலே போதும் என்பது வருமான வரித் துறைக்கு நன்கு தெரிந்த உண்மை. இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. சோதனை முடிவு நல்லதாக வரும் உழவருக்கு அதுவே சான்று. ஐந்து பேர் சேர வேண்டிய அவசியமில்லை. எச்சச் சோதனை இரசாயன உரத்தைக் காட்டிக்கொடுக்காது என்பதையும் மறைக்கக் கூடாது. அதற்கு நில ஆய்வு வேண்டும். ஆனால் உண்பவரும் தெளிப்பவரும் அஞ்சுவது மருந்துக்குத்தான். அதிலிருந்து தொடங்கலாம்.

வரியிலும் ஒரு முரண் இருக்கிறது. 2022 சூலை முதல், பொட்டலமிட்டு விவரச்சீட்டு ஒட்டிய அரிசி, பருப்புக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு, சாக்கிலிருந்து அளந்து தரும் அரிசிக்கு இல்லை. யார் விளைவித்தது, எங்கே, எப்போது என்று எழுதி ஒட்டுபவருக்கு வரி. எதையும் சொல்லாதவருக்கு விலக்கு. சான்று பெற்ற பொருளுக்கேனும் இவ்வரியை நீக்குவதால் கருவூலம் காலியாகிவிடாது.

அந்த அங்காடிக்கு இப்போதும் போகிறேன். பனங்கற்கண்டும் வேறு சிலவும் அங்கேதான் கிடைக்கின்றன. அரிசியை மட்டும் மாணவரிடமிருந்து மூட்டையாக வாங்கிக்கொள்கிறேன். அவரிடமும் சான்று இல்லை. அவரை எனக்குத் தெரியும் என்பதைத் தவிர. அவரைத் தெரியாத பல்லாயிரம் பேர் இந்நகரில் இருக்கிறார்கள்.

சென்ற மாதம் தொலைபேசியில் பேசினார். அடுத்த சம்பாவுக்கு இரண்டு ஏக்கரை மட்டும் இப்படியே வைத்துக்கொண்டு, மற்ற இரண்டு ஏக்கரில் ‘எல்லாரையும் போல’ செய்யலாம் என்று யோசிப்பதாகச் சொன்னார். ‘மேல் வயல் இரண்டையும் மாற்றினால் அதன் தண்ணீர் கீழே உன் வயலுக்குத்தானே இறங்கும்?’ என்று கேட்டேன். சற்று நேரம் அவர் பக்கத்திலிருந்து பேச்சில்லை. ‘அதைத்தான் சார் நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்றார்.